வயர் போகாத வீட்டுக்கு ஒரு துஷ்டிச் செய்தி

ராஜபாளையத்தில் என் முகம் தெரிந்தவர்கள் குறைவு. குரல் தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு. ஒரு தடவை மார்க்கெட்டில் கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டேன். பக்கத்தில் குனிந்து தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த பெண் சடாரென்று நிமிர்ந்தாள். "யாரு தவறிட்டாக, அக்கா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. நான் வாயைத் திறந்தால் எங்கோ ஒரு வீட்டில் ஆள் போய்விட்டது என்றுதான் அவளுக்குப் பழக்கம்.

ஊர்ச் சேனலில் துஷ்டி சொல்லும் வேலை பார்த்தேன். துஷ்டி என்றால் எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி. ஊர்ச் சேனல் என்றால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊருக்கும் சுற்றுப்பட்டிக்கும் கேபிள் வயரில் ஓடிய எங்கள் சொந்தச் சேனல். கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா, கல்யாணம், கண்மாய் திறப்பு எல்லாம் அதில் வரும். போன பங்குனியோடு அதை நிறுத்திவிட்டார்கள். கேபிள் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம், நானும் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். சந்தோஷமான சங்கதியாக எழுதுங்கள் என்றார்கள். துஷ்டி சொன்னவளிடம் கேட்கிற கேள்வியா அது?

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். எழுதுவது அதைவிட மெதுவு. சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். இன்னொருத்தர் கை பட்டால் அவர் பேச்சு உள்ளே வந்துவிடும். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள், வார்த்தையில் கை வைக்காதீர்கள் என்று சொல்லித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் மில்லில் இருந்தேன். மிஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி எனக்கு இந்தக் குரல் வந்தது. மில்லை மூடியதும் கேபிள் கன்ட்ரோல் ரூமில் கூட்டித் துடைக்கப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு மாடியில் அந்த ரூம். அப்போதெல்லாம் துஷ்டிச் செய்தி திரைக்கு அடியில் எழுத்தாக ஓடும். நின்ற எழுத்தைத்தான் என்னால் படிக்க முடியும், ஓடுகிற எழுத்து வசப்படாது. என்னைப்போல ஊரில் எத்தனை பொம்பளைகள். அடுப்படியில் நிற்கிறவள் எழுத்தை எங்கே பார்க்கப் போகிறாள்? ஒரு நாள் முதலாளியிடம், "நீங்க எழுதிப் போடுறதுக்குப் பதிலா நான் வாயால சொல்லிருவேன்" என்றேன். அவர் "சூத்தாம்" என்றார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். சூத்தாம் என்றால் பார்ப்போம். நல்லதுக்கும் அதுதான், கெட்டதுக்கும் அதுதான். இல்லை என்று அவர் வாயால் நான் கேட்டதே கிடையாது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே சூத்தாம் என்றால் காரியம் நடக்கும், கண்ணை மானிட்டரில் வைத்துக்கொண்டு சொன்னால் நடக்காது என்பதை நாங்களாகக் கண்டுபிடித்து வைத்திருந்தோம். ஆரம்பத்தில் அவரே தூண் தூணாக ஏறி வயர் இழுத்தவர். அதனால் வேலைக்காரனை ஏசத் தெரியாது, ஏறிக் காட்டத்தான் தெரியும். துஷ்டிக்காரர்கள் படியேறி வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அவர்கள் போகும்வரை உட்கார மாட்டார். ரூமில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையை மட்டும் அசைப்பார். அன்றைக்கு எனக்குச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேதான் சூத்தாம் சொன்னார். மைக் கிடைத்தது.

எப்படிச் சொல்வது என்று யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. நானாக வைத்துக்கொண்ட முறை இது. முதலில் ஊர்ப்பெயர். சொல்லிவிட்டு நிறுத்துவேன். அந்த ஊர்க்காரப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு டிவி முன்னால் வந்து நிற்க அந்த நேரம் வேண்டும். பிறகு எந்த வீடு, யார் மனைவி, யார் தாய். அதற்குப் பிறகு பெயர். பெயரை முதலில் சொன்னால் பாதிப் பேர் வந்து சேருவதற்குள் போய்விடும். பெயருக்கு அடுத்தபடி, பெண்ணாக இருந்தால் பிறந்த வீடு. எந்த ஊர், அண்ணன் தம்பி யார் யார் என்று மூத்தவரிலிருந்து வரிசையாக. இந்த வரிசை பிசகினால் சாவு வீட்டிலேயே வெட்டுக்குத்து வந்துவிடும். பக்கத்திலேயே அந்தோணி உட்கார்ந்து போட்டோவைத் திரையில் ஏற்றுவார். அவர்தான் எங்கள் டெக்னீசியன். கொண்டுவருகிற போட்டோ பெரும்பாலும் கல்யாண ஆல்பத்தில் வெட்டினதாக இருக்கும். ஓரத்தில் புருஷனின் தோள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு முறையும் வைத்திருந்தேன். செத்தது பெண் என்றால் வந்தவரிடம், "பொறந்த வீட்டுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்பேன். எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அண்ணன் தம்பி கொண்டுவந்து போர்த்தினால்தான் பிணத்தை எடுப்பார்கள். அந்த வீட்டுக்கு ஆள் போய் நேரில் சொல்ல வேண்டும். தகவல் தெரிந்தால் போதாது, சொல்லிவிட வேண்டும். "எனக்கு யாரும் சொல்லிவிடல" என்று ஒரு அண்ணன் சொன்னால் அது பேச்சில் தீராது. ஆனால் சேனல் வந்து கொஞ்ச காலத்திலேயே ஜனங்கள் ஆள் விடுவதைக் குறைத்துவிட்டார்கள். டிவியில் அண்ணன் பெயரோடு சொல்லியாச்சு, இதைவிட என்ன மரியாதை என்று ஆகிவிட்டது. வயர் போகிற ஊரில் அது சரியாகத்தான் நடந்தது. நான் காலையில் சொன்னால் மத்தியானத்துக்குள் கோடி வந்து சேரும்.

வயர் எல்லா ஊருக்கும் போகவில்லை. தேவதானம் ரோட்டில் ஒரு முக்கோடு எங்கள் வயர் நின்றுவிடும். அதற்கு மேலே தோப்புகள், அதற்கு மேலே மலை. தோப்பு வீட்டுக்காரர்கள் அவரவர் கூரையில் குடை மாட்டிக்கொண்டார்கள். டிஷ்ஷைத்தான் குடை என்போம். எங்கள் மாடியிலும் பெரிய குடை உண்டு. மெட்ராஸ் சேனல், டெல்லிச் சேனலை எல்லாம் அது வானத்திலிருந்து வாங்கும். அதோடு எங்கள் ஊர்ச் சேனலையும் சேர்த்து வயரில் விடுவோம். சொந்தக் குடை வைத்திருக்கிற வீடு நேராக வானத்திலிருந்து வாங்கிக்கொள்கிறது. எங்கள் சேனல் வானத்துக்கே போனதில்லை. எங்கள் மாடியில் பிறந்து வயரோடு ஓடி முக்கில் நின்றுவிடும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் டிவி பார்க்கிற யாருக்கு இது தெரியும்? பெட்டி இருக்கிறது, படம் வருகிறது என்றால் எல்லாருக்கும் எல்லாம் வருகிறது என்றுதான் நினைப்பார்கள்.

ஒரு நாள் காலையில் வன்னியம்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். தன் அண்ணன் சுப்பையாவின் மனைவி பேச்சியம்மாள் தவறிவிட்டதாகச் சொன்னார். விடிகாலையில் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். கல்யாண வயதில் ஒரே மகள், பெயர் முத்துமாரி. பிறந்த வீடு தேவதானம், அண்ணன் ஒருவர்தான், வேலுச்சாமி. நான் வழக்கம்போல, சொல்லியாச்சா என்று கேட்டேன். "போன் அடிச்சுக்கிட்டேதான் இருக்காக யத்தா. நீங்க சொல்லுங்க, அவிய பாத்துட்டு வந்திருவாக" என்றார். நான் விடவில்லை, ஆள் விட்டுச் சொல்லுங்கள் என்றேன். சரி சரி என்று தலையை ஆட்டினார். தேவதானம் என்று ஊரைச் சொன்னாரே தவிர, ஊருக்கு மேலே தோப்பில் வீடு என்று சொல்லவில்லை. நான் மைக்கை எடுத்தேன்.

வன்னியம்பட்டி. நிறுத்தினேன். சுப்பையா அவர்களின் மனைவியும் முத்துமாரியின் தாயாரும், தேவதானம் வேலுச்சாமி அவர்களின் அன்புத் தங்கையுமான பேச்சியம்மாள். நன்றாக நினைவிருக்கிறது. அந்த அண்ணன் பெயரில் குரலைச் சற்று அழுத்தினேன். பிறந்த வீட்டுக்கு அப்படி ஒரு அழுத்தம் கொடுப்பது என் வழக்கம். அன்றைக்கு மத்தியானம்வரை எத்தனையோ தடவை அது ஓடியது.

சாவு வீட்டில் நடந்ததை எனக்குப் பிற்பாடு சொன்னார்கள். போன் போகவில்லை. மலையடியில் டவர் எடுக்காது, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆள் விடலாமா என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து டிவியில் என் குரல் வந்திருக்கிறது. வேலுச்சாமி பெயரும் வந்திருக்கிறது. "அந்தா பேரோட சொல்லுதாகள்லா. இதுக்கு மேல என்ன ஆளு?" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானம் போய்ப் பொழுது சாயப் போகிறது. அண்ணன் வரவில்லை. ஊர் பார்க்க, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் பிறந்த வீட்டுக் கோடி இல்லாமலே எடுத்துவிட்டார்கள். முத்துமாரி வாசலை மறித்துக்கொண்டு, மாமா வருவாக, மாமா வருவாக என்று கத்தினாளாம். பொம்பளைகள் அவளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள்.

வேலுச்சாமி அன்றைக்குத் தோப்பில் தென்னைக்கு உரம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாளோ அதற்கு மறுநாளோ சேத்தூரில் பூச்சிமருந்துக் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே நின்ற ஒருவர், "காடாத்தெல்லாம் முடிஞ்சுதா?" என்று துக்கம் கேட்டிருக்கிறார். காடாத்து என்றால் எடுத்த மறுநாள் சுடுகாட்டில் செய்கிற சடங்கு. யாருக்குக் காடாத்து என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். மருந்தை அங்கேயே போட்டுவிட்டு, கடைத்தெருவில் ஒரு சேலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வன்னியம்பட்டிக்குப் போயிருக்கிறார். யாரும் வா என்று சொல்லவில்லை. யாரும் ஏசவும் இல்லை. திண்டில் உட்கார்ந்திருந்த சுப்பையா எழுந்து உள்ளே போய்விட்டார். போர்த்த ஆள் இல்லாத சேலையை வைத்துக்கொண்டு வாசலில் எவ்வளவு நேரம் நிற்க முடியும்?

அங்கிருந்து எங்கள் மாடிக்குத்தான் வந்தார். அறுபது வயதிருக்கும். வேட்டியில் தோப்பு மண் அப்படியே இருந்தது. கையில் ஜவுளிக்கடைப் பை. முதலாளி வழக்கம்போல எழுந்து நின்றார். வந்தவர் அவரைப் பார்க்கவில்லை. நான் அந்தோணியிடம் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தேன், என் குரலைக் கேட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீதான் எம்பேரச் சொன்னியாமே."

ஆமாம் என்றேன்.

"எங்க சொன்ன?"

நான் அந்தோணியைப் பார்த்தேன். அந்தோணிதான் எழுந்து வந்து, உங்கள் வீட்டில் வயரா குடையா என்று கேட்டார். குடை என்றார். அந்தோணி பக்குவமாகச் சொன்னார், குடையில் நம்ம சேனல் வராதய்யா என்று. அவருக்கு அது புரிய நேரம் ஆயிற்று. குடை மாட்ட வந்தவன் எல்லாம் வரும் என்று சொன்னானாம். மாட்டின புதிதில் எங்கள் சேனலைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். காணோம் என்றதும் சேனலை நிறுத்திவிட்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டார்களாம்.

"பஞ்சாப்புல எவனோ கல்யாணம் பண்ணுதான், அது வருது. வன்னியம்பட்டிச் சாவு வராதா?" என்று முதலாளியைப் பார்த்துக் கேட்டார்.

முதலாளி முதல் தடவையாக சூத்தாம் என்று சொல்லவில்லை. வேலுச்சாமி போன பிறகு, எங்கள் சேனலைக் குடையில் வர வைக்க முடியாதா என்று நான் கேட்டேன். அன்றிலிருந்து விடாமல் கேட்டேன். முதலாளியும் மெட்ராஸ்வரை போய் விசாரித்து வந்தார். வந்து சொன்னது எனக்கே விளங்கியது. இங்கிருந்து மேலே ஏற்றினால் அது நாடு முழுக்க வந்து விழும். டெல்லியிலும் விழும், காஷ்மீரத்திலும் விழும். வன்னியம்பட்டியில் மட்டும் விழு என்று சொல்ல முடியாது. இரண்டு தாலுகா ஜனத்துக்காக எந்தக் கம்பெனிக்காரனும் ஏற்ற மாட்டான். "அங்க மேலருந்து பாத்தா நம்ம ஊரு தெரியாதும்மா" என்றார்.

வயரையாவது இழுக்கலாம் என்று அந்தோணி முயன்றார். முக்கிலிருந்து தென்னைக்குத் தென்னை கட்டி இழுத்தார். நடுவில் சிக்னலைத் தூக்கிவிட ஒரு பெட்டி வைத்தார். தோப்பு வீட்டில் படம் வந்தது, ஆனால் முழுக்கப் புள்ளி. அந்தப் புள்ளிக்குள் நான் பேசுவது மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்டது. ஒரு மழைக்கு இடி இறங்கிப் பெட்டி கருகிவிட்டது. திரும்பக் கட்டினார். குரங்கு வயரைப் பிடித்துத் தொங்கி அறுத்தது. மூன்றாம் தடவை கேட்டபோது முதலாளி கண்ணை மானிட்டரில் வைத்துக்கொண்டு சூத்தாம் என்றார்.

அதோடு நானும் விட்டிருக்கலாம். முத்துமாரி விடவில்லை. அவளுக்கு மாப்பிள்ளை முடிவாகி இருந்தது. தாய் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன்தான் மாலை போட்டு மணைக்குக் கூட்டிவர வேண்டும். அவள் எங்கள் மாடிக்கே வந்தாள். மாமா வேண்டுமென்று வராமல் இருந்தார் என்றுதான் அவள் வீட்டில் இன்னும் சொல்கிறார்களாம். "நீங்க வந்து எங்கப்பாட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னதாலதான் அவிய மாமாவ வெறுத்தாக. நீங்க சொன்னாத்தான் நம்புவாக. மாமா இல்லாம நான் மணையில உக்கார மாட்டேன்" என்றாள்.

நான் வன்னியம்பட்டிக்குப் போனேன். சுப்பையா நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அவன் வீட்டுல ஊருல இல்லாத சேனலெல்லாம் வருதாம். நம்மது மட்டும் வராதாக்கும்?" என்றார். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார். அதில்தான் எனக்கு ரோஷம் வந்தது. இத்தனை வருஷம் மைக்கில் நான் சொன்ன வார்த்தையை ஊரே நம்பியிருக்கிறது. உயிரோடு இருக்கிறவனையா செத்தான் என்று சொன்னேன்? வந்து பாருங்கள், கண்ணால் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றேன். மகள் முகத்தைப் பார்த்துவிட்டு சரி என்றார்.

நானும் அந்தோணியும் அவரைக் கூட்டிக்கொண்டு தோப்பு வீட்டுக்குப் போனோம். முற்பகல் நேரம். வேலுச்சாமி வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க மாப்ள" என்றார். அவர் மனைவி குருவம்மாள் அடுப்படிக்குப் போய் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். அந்த வீட்டில் நாற்காலி ஒன்றுதான். அதில் சுப்பையாவை உட்கார வைத்தோம். வேலுச்சாமி ரிமோட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். நீங்களே பாருங்கள் என்கிற மாதிரி.

ஒன்றாம் நம்பரிலிருந்து அமுக்கினார். தமிழ் வந்தது, போனது. பிறகு தெலுங்கு, மலையாளம், கன்னடம். பிறகு எந்த மொழி என்று தெரியாத மொழிகள். ஒரு சேனலில் ஒருவன் நகை விற்றான். ஒன்றில் வடக்கே எங்கோ வெள்ளம் போனது, மாடுகள் மிதந்தன. ஒன்றில் வெள்ளைக்காரன் மீன் பிடித்தான். சுப்பையா ஒன்றையும் தாண்டாமல், ஒவ்வொன்றிலும் நின்று நின்று பார்த்தார். அவர் நடுவில் எங்காவது எங்கள் சேனல் வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறாரா, வந்துவிடக் கூடாது என்று நினைக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு வெறும் நீலத் திரையாக வந்தது. இன்னும் அமுக்கினார். திரும்பவும் ஒன்றாம் நம்பர் வந்து நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் என்ன செய்து வைத்தேன் என்று. அதுவரை குற்றம் வேலுச்சாமி தலையில் இருந்தது. கூப்பிட்டும் வராதவன். அவரும் அதைச் சுமந்து பழகிவிட்டார். இப்போது அந்தப் பாரம் இந்த மனுஷர் தலையில் ஏறிவிட்டது. சொல்லியே விடவில்லை. பெண்டாட்டி செத்த அன்றைக்கு அவள் பிறந்த வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்பவில்லை. மகள் வாசலை மறித்துக்கொண்டு கத்தியும் கோடி இல்லாமல் எடுத்துவிட்டார். இதை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்?

சுப்பையா ரிமோட்டைத் தரையில் வைத்தார். "அப்ப ஆளு விட்ருக்கணும்" என்றார். யாரிடமும் இல்லை, டிவியைப் பார்த்துத்தான் சொன்னார்.

வேலுச்சாமி சட்டென்று, "விடுங்க மாப்ள, நடந்தது நடந்துபோச்சு" என்றார். அந்த இடத்தில் நின்றிருந்தால் காரியம் நல்லதாகப் போயிருக்கும். காப்பியோடு வந்த குருவம்மாள் பேசினாள். அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

"இப்பத் தெரிஞ்சுதாண்ணே? நாங்க என்ன வராமயா ஒளிஞ்சுக்கிட்டோம்? பொட்டியில பேரச் சொன்னாப் போதும்னு இருந்துட்டீக. வளத்த மாடு செத்தாக்கூட நாலு வீட்டுக்கு ஆளு விட்டுச் சொல்லுவாக."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு கிடையாது. வேலுச்சாமி, "ஏட்டி, சும்மா இரு" என்று அதட்டினார். அதற்குள் சுப்பையா எழுந்துவிட்டார். காப்பி டம்ளர் அவள் கையிலேயே இருந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார். வேலுச்சாமி, மாப்ள, மாப்ள என்று தோப்பு முனைவரை பின்னாலேயே வந்தார். சுப்பையா திரும்பவில்லை. பஸ்ஸிலும் என்னோடு பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "நீ வராமலே இருந்திருக்கலாம்த்தா" என்றார்.

பிறகு நான் யார் யாரையோ பிடித்தேன். இரண்டு பக்கத்துப் பெரியவர்களிடமும் பேசினேன். முதலாளியே ஒரு தடவை வன்னியம்பட்டிக்குப் போய்வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மச்சான் மேல் கோபம் என்றால் சமாதானம் பேசலாம். மச்சான் முகத்தில் முழிக்க முடியவில்லை என்கிறவரிடம் என்ன பேசுவது? அவன் பந்தலில் வந்து நின்றால் அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாள்தான் தெரியும், என்னால் ஆகாது என்று சுப்பையா சொல்லிவிட்டார். முத்துமாரி சில நாள் சாப்பிடாமல் கிடந்தாள். தாயும் இல்லாத வீட்டில் ஒரு பெண் எவ்வளவு தூரம் பிடிவாதம் பிடிப்பாள்? கடைசியில் சரி என்றுவிட்டாள்.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வீடு வசதியானது, அதனால் எங்கள் சேனலில் நேரடியாகக் காட்டச் சொல்லியிருந்தார்கள். கல்யாண அறிவிப்பும் நான்தான் சொல்வேன். தாய்மாமன் பெயர் என்ன என்று கேட்டேன். பேச்சியம்மாளின் பெரியப்பா மகன் ஒருவர் பெயரைக் கொடுத்தார்கள். அதையும் அந்த இடத்தில் அதே அழுத்தத்தோடு சொன்னேன். தொழில் அப்படி.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் வேலுச்சாமி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்கு வருகிற மாதிரியே. தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தார். "இங்கன தெரியுமாமே, செத்த நேரம் பாத்துட்டுப் போயிருதேன்" என்றார். அந்தோணி தன் நாற்காலியைக் கொடுத்தார். வேண்டாம் என்று சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டார். முதலாளியும் உட்காரவில்லை.

திரையில் முத்துமாரியை அழைத்து வந்தார்கள். அந்தப் பெரியப்பா மகன் மாலை போட்டார். மாலை பெரியது, அவள் கழுத்தில் சரியாக விழாமல் ஒரு பக்கம் தொங்கியது. அந்த ஆள் சரிசெய்யத் தெரியாமல் நின்றார். வேலுச்சாமியின் கை அவரை அறியாமல் ஒரு தடவை எழும்பி இறங்கியது. அவள் மணையில் உட்கார்ந்தாள். கேமராக்காரர் முகத்துக்குப் பக்கத்தில் போனார். அழுகிறாளா இல்லையா என்று தெரியவில்லை. தலையைக் குனிந்திருந்தாள்.

தாலி கட்டி முடிந்ததும், "இது எதுவரைக்கும் தெரியும்?" என்று கேட்டார்.

"நம்ம வயரு போற வரைக்கும்ணே. உங்க பக்கத்துல ரோட்டு முக்கு வரைக்கும்."

"அப்ப எங்க வீட்டுல தெரியாது."

"தெரியாது."

"சரி. குருவம்மா பாக்க மாட்டா. அதுவரைக்கும் நல்லது" என்றார். முதலாளிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அந்தக் கூரைக்கு எங்கள் சேனல் போய்ச் சேர வேண்டும் என்று எத்தனை பேரிடம், எத்தனை தடவை கேட்டிருப்பேன். அன்றைக்குப் பிறகு ஒருவரிடமும் கேட்கவில்லை.